அம்மாவுக்கு மட்டும்

“மூணு பேர் கைவிட்டுட்டாங்க, டாக்டர். நீங்கதான் கடைசி” என்றார் அந்த அம்மா.

“உட்காருங்கம்மா. நான் நிஜ டாக்டர் இல்ல, எங்க கூட்டத்துல வெச்ச பட்டப்பேர் அது.”

செத்துப்போன கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பது டாக்டருடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்; அதே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டம். மற்ற நாட்களில் தண்ணீர் வாரியத்தில் குழாய் வரைபடங்களோடு மல்லுக்கட்டுவார். ஊர்ப்பட்ட மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் வீட்டில் மின்விசிறி மூன்று மாதமாகச் சுற்றவில்லை என்று மனைவி சொல்லிக் காட்டாத நாளில்லை.

அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கைப்பையைத் திறந்து, துணிச் சுற்றைப் பிரித்து, வெளிர்நீலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பிளாப்பியை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ‘அம்மாவுக்கு மட்டும்’ என்று பேனாவால் எழுதியிருந்தது.

“என் பொண்ணு வெச்சுட்டுப் போனது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்கப்பாகூட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போயிட்டா. என் தலையணைக்கு அடியில இது இருந்துச்சு. அவர் அன்னிக்கே கம்ப்யூட்டரை மாடியிலேர்ந்து தூக்கிப் போட்டுட்டார்.”

“அப்பவே வேற யார்கிட்டயாவது கொடுத்துப் படிச்சிருக்கலாமேம்மா?”

“அவர் இருந்தவரைக்கும் இதை வெளியே எடுக்கவே பயம். அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா தேடிப் போனேன்.”

“பொண்ணு இப்போ…”

“எட்டு வருஷம் கழிச்சு ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.” அவர் குரல் உடையவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல் அது. “நடுவுல ஒரு போன்கூட பண்ணல தம்பி. என்மேல அப்படி என்ன கோபம்னு இதுல எழுதியிருப்பா. திட்டியிருந்தாலும் பரவாயில்ல. அந்தத் திட்டாவது எனக்கு மிஞ்சட்டும்.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அந்த மூணு பேர் என்னம்மா சொன்னாங்க?” என்று கேட்டார்.

“செத்துப்போச்சுன்னுதான். ஆனா எல்லாரும் ரொம்ப நல்ல மனுஷங்க. முதல் ஆள் என்கூடவே வந்து பஸ் ஏத்திவிட்டார். இன்னொருத்தர் டீ போட்டுக் கொடுத்தார். மூணாவது ஆள்தான் கடைசிவரைக்கும் நிமிர்ந்தே பார்க்கல.”

மூவரும் கூட்டத்து ஆட்கள்தான், டாக்டருக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவர் வெள்ளத்தில் ஊறிய பிளாப்பியையே படித்துக் காட்டிய கில்லாடி. அவரே கைவிட்டதில் நாம் என்ன கிழித்துவிடப் போகிறோம் என்று நினைத்தபடி மேஜையில் கிடந்த பிளாப்பிகளை ஒதுக்கி இடம் பண்ணினார்.

அந்த அம்மா அதிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினார். “பின்பக்கம் மூலையில எள்ளு மாதிரி ஒரு டிக் இருக்கே, என்ன அது?”

“படிச்சாச்சுன்னு அர்த்தம்மா. செத்துப்போனதுன்னா பெருக்கல் குறி. எங்க கூட்டத்துல எல்லாரும் அப்படித்தான் போடுவோம். அடுத்த ஆள் மறுபடி மெனக்கெட வேண்டாம் பாருங்க.”

அந்த அம்மா தன் பிளாப்பியை உடனே கொடுக்கவில்லை. மடியில் வைத்து ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு நீட்டினார்.

“இருந்தா இருக்குன்னு சொல்லுங்க தம்பி. இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

டிரைவ் கரகரவென்று முனகியது. திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே ஒரே ஒரு கடிதம்தான். மூன்று பேர் கைவிட்டது எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்துகொண்டதில் அவருக்கே ஆச்சரியம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள் பெண்.

‘அம்மா, நாளையிலேர்ந்து ஞாயிறு வரைக்கும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு கடிகாரத்துக்குக் கீழ நிப்பேன். அப்பாகிட்ட சொல்லாதே. நீ வந்து ஒரு தடவை கூப்பிட்டா போதும், வந்துடுவேன். நீ வரலேன்னா உனக்கும் நான் வேண்டாம்னு புரிஞ்சுக்கறேன். அப்புறம் தொந்தரவு பண்ணமாட்டேன்.’

இரண்டாவது முறை படிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணீர் எழுத்தை மறைத்தது. கை மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. பிளாப்பியை வெளியே எடுத்தது, திருப்பியது, பேனாவை மூடி வைத்தது.

உன் பெண் உனக்காகத் தினம் வந்து நின்றாள், நீதான் வரவில்லை என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? கோபித்துக்கொண்டு போனாள் என்ற நினைப்பிலேயே இந்த அம்மா இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். மிச்சத்தையும் அப்படியே ஓட்டிவிட்டுப் போகட்டும். பாவம், பொய் சொன்னால்தான் என்ன?

“செத்துப்போச்சும்மா” என்றார். “ஒண்ணும் வரல.”

“சத்தம் கேட்டுச்சே?”

“சத்தம் வரும்மா. எழுத்து வராது.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “டிரைவ் துடைக்கிற இந்த ஸ்பிரிட் வாசனை வேற, கண்ணைக் கரிக்குது.”

அந்த அம்மா பிளாப்பியை வாங்கிக்கொண்டார். துணியில் சுற்றவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, கிளம்புவதற்காகத் தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே மறுபடி உட்கார்ந்தார்.

“கொண்டு வந்தப்போ மூணு டிக்தான் தம்பி இருந்துச்சு.”