செகாக்கேயின் பச்சை வண்டி

மொலெஃபி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அடுத்த குறையைத் தேடினான்.

"அண்ணி, இது வேணாம். அடியெல்லாம் துரு. பாதி மலையில உக்காந்துரும்."

எனக்கு விசித்திரமாக இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றை வாங்கு வாங்கு என்று மாதக்கணக்கில் என் காதைத் துளைத்தவனே இவன்தான். என் கணவரின் தம்பி. வண்டி வந்தால் நீதான் ஓட்ட வேண்டும் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் மலையூர் ஹா ராந்சாவுக்கு வண்டி வசதி கிடையாது. பிரசவ வலி வந்தவளும் குதிரை முதுகில்தான் மொகோட்லோங் டவுனுக்கு இறங்க வேண்டும். ஆள் ஏற்றி ஓட்டினால் ஊருக்கும் உதவும், நானும் மகள் பூலானேயும் பிழைத்துக்கொள்வோம். கையில் இருப்பது என் கணவர் சேயிசோவை விழுங்கிய சுரங்கம் கொடுத்த பணம். அதை ஓட்டை வண்டியில் போட்டால் அவர் இரண்டாம் முறை செத்த மாதிரி.

விற்கிறவர் பெயர் செகாக்கே. வயதானவர். எந்த ஊர் என்று அவர் கேட்டபோது மொலெஃபி முந்திக்கொண்டு வேறு ஏதோ ஊரைச் சொன்னான். விலையைக் குறைக்க ஏதோ தந்திரமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

"துரு இருக்குதான்" என்றார் பெரியவர். "எனக்கும்தான் இருக்கு. ஏறுங்கம்மா, ஆத்தைத் தாண்டிக் காட்டுறேன்."

வண்டிக்கு யாரோ தூரிகையால் பச்சை அடித்திருந்தார்கள். கதவோரத்தில் பழைய வெள்ளை தெரிந்தது.

வண்டி தெரிந்தவன் முன்னால் உட்கார வேண்டும். மொலெஃபியோ பின்னால் போய் மூலையில் ஒண்டிக்கொண்டான். வெயில் சுள்ளென்று அடித்தது. மேய்ப்பர்கள் பனிக்காலத்தில் போடும் முகக்குல்லாவைக் கண் மட்டும் தெரியும்படி இழுத்துவிட்டிருந்தான். பின்னாலிருந்தே வண்டியை எடைபோடுகிறானாம், பெரிய நிபுணர் வேஷம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

செகாக்கே கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டைக் கம்பியைத் தள்ளினார். நான்கு சக்கரமும் சரளையைக் கடித்தன. ஏற்றத்தில் வண்டி முனகக்கூட இல்லை.

"வளைவு வருது" என்றார், தலையைப் பின்பக்கம் லேசாகத் திருப்பி. "இடது பக்கம் பள்ளம். பாத்து வாங்க."

மொலெஃபியிடம்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"குபேலு ஆறு வந்தாச்சு. தண்ணி கம்மிதான். பயப்படாம தாண்டுங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். உயிரோடு இருப்பவர்களிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது சொந்தக்காரர் ஒருவர் கூடவே உட்கார்ந்து, ஆறு வந்தால் ஆறு, ஏற்றம் வந்தால் ஏற்றம் என்று சொல்லிக்கொண்டே வரவேண்டும். சொல்லாவிட்டால் இறந்தவர் வழியிலேயே நின்றுவிடுவார்.

சேயிசோவுக்கு மொலெஃபி சொன்னான். எந்த ஆற்றில் என்ன சொன்னேன் என்று எனக்கு எத்தனையோ முறை விவரித்திருக்கிறான். நான் அப்போது வீட்டில், விதவை உட்கார வேண்டிய துக்க மெத்தையில் போர்வைக்குள் இருந்தேன். வண்டியையும் பார்க்கவில்லை, ஓட்டி வந்தவரையும் பார்க்கவில்லை. அந்த நன்றிக்காகத்தான் வண்டி ஓட்டும் வேலையை அவனுக்கென்று வைத்திருந்தேன்.

"ஐயா, இது பிணம் ஏத்துன வண்டியா?"

பெரியவர் அக்கரையில் வண்டியை நிறுத்தினார். "ஆமாம்மா. அப்ப வெள்ளையா இருந்துச்சு. மறைக்கத்தான் பச்சை அடிச்சேன். சொன்னா யார் வாங்குவாங்க?"

"நான் சொல்லலை?" என்று பின்னாலிருந்து குரல் பாய்ந்தது. "ஒருத்தரும் ஏற மாட்டாங்க அண்ணி. இறங்குங்க, போலாம்."

நான் இறங்கவில்லை.

"வழி சொல்றது சொந்தக்காரங்க வேலையாச்சே. நீங்க ஏன் சொல்றீங்க?"

"ஒருத்தருக்கு ஆள் இல்லாம போச்சும்மா. கூட வந்த தம்பிக்காரன் டவுன் எல்லையில வெள்ளைக்கொடி கட்டுன பியர் வீட்டைப் பாத்தான். ஒரு கோப்பை சோள பியர் குடிச்சிட்டு வந்துர்றேன்னு இறங்கினான். வரவே இல்லை. பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு, எவ்வளவு நேரம் நிக்கிறது? பேர்கூட தெரியாது எனக்கு. மகனேன்னு கூப்பிட்டு ஒவ்வொரு ஆத்தையும் நானே சொன்னேன். அந்தா உன் வீட்டு விளக்கு தெரியுது பாருன்னும் சொன்னேன். அன்னையில இருந்து நாக்கு பழகிப்போச்சு. வெறும் வண்டி ஓட்டினாலும் வந்துருது."

"எந்த ஊருக்குப் போனார் அவர்?"

"மேல, ஹா ராந்சா."

பின்கதவு திறந்தது. மொலெஃபி டயரைப் பார்க்க இறங்கினான். யாரும் அவனைப் பார்க்கச் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. என் சேயிசோவிடம் ஒருவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். மகனே என்று கூப்பிட்டிருக்கிறார். இந்த வண்டியில் ஏறப் பிடிக்காதவர்கள் குதிரையில் போகட்டும்.

"வண்டியை எடுத்துக்கறேன் ஐயா" என்றேன். "ஓட்டுறதுக்கு நீங்களே வந்துருங்க."

பெரியவர் குழம்பிப் போனார். "தம்பிதான் ஓட்டப்போறார்னு சொன்னீங்களேம்மா?"

நான் மொலெஃபியைப் பார்த்தேன். அவன் டயர் பக்கத்தில் குந்தியிருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கும்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.