இரண்டாவது பிரேக்

மூன்று நாளாக என் மகனுக்கு ரிவர்ஸ் மட்டும்தான் வருகிறது.

எட்டு மாதம் ஆகிறது. கையை ஊன்றுவது, வயிற்றைத் தூக்குவது, முட்டி போடுவது எல்லாம் சரியாகத்தான் செய்கிறான். கிளம்பும்போது மட்டும் கை முந்திக்கொண்டு தள்ளிவிடுகிறது. ஆள் பின்னால் போய்விடுகிறான்.

கூடத்தின் நடுவே என் கார் சாவி கிடந்தது. சிவப்பு வளையம் போட்ட சாவி. வாங்கிக் குவித்த பொம்மைகள் மூலையில் கிடக்க, துரைக்கு அதுதான் வேண்டும். அதையே முறைத்துக்கொண்டு முழு மூச்சோடு ஒரு தள்ளு தள்ளினான். ஒரு சாண் தூரத்தில் இருந்த சாவி இரண்டு சாணுக்குப் போனது. இன்னொரு தள்ளு. மூன்று சாண்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்க்கிறேன். கியர் ரிவர்ஸில் இருப்பதை மறந்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். வண்டி பின்னால் போகிறதே என்ற பதற்றத்தில் இன்னும் அழுத்தி மிதிப்பார்கள். அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுப்பவருக்கென்று தனியாக வைத்தது. அதை மெதுவாக மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடியுங்கள் என்பேன். பதினோரு வருடத்தில் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. என்னிடம் படித்தவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைலன்சர்.

வீட்டில் அந்த பிரேக் இல்லை.

சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். வீசி எறிந்தான். கொடுத்தால் வேண்டாமாம், தானே போய் எடுக்க வேண்டுமாம். பின்னால் உட்கார்ந்து அவன் பாதங்களுக்கு என் உள்ளங்கையை முட்டுக் கொடுத்தேன். உதைத்தான். தூக்கினேன். வில்லாக வளைந்து, கீழே விடு என்று அலறினான். விட்டேன். ஏன் விட்டாய் என்று அலறினான்.

என் மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க, வாயைத் திறந்தபடி பயந்து கிடப்பவர்களைச் சமாளிப்பவள். கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் கோபத்தை நிறுத்தப் பார்க்கக் கூடாது, கூடவே உட்கார வேண்டும், கோபம் வருகிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவு போதும் என்று.

கேட்டேன். ஆமாம் என்பதை அவன் இன்னும் விளக்கமாகச் சொன்னான்.

மூன்றரைக்கு வர வேண்டியவள் மூன்றே முக்காலாகியும் வரவில்லை. நான்கு மணிக்கு எனக்கு வகுப்பு. மறுநாள் லைசென்ஸ் தேர்வுக்குப் போகிற ஒரு பெண்மணி, நான் வருவேனா மாட்டேனா என்று ஐந்தாவது முறையாகப் போன் செய்துகொண்டிருந்தார். மதியச் சாப்பாடு மேசையில் அப்படியே ஆறிக் கிடந்தது. சாவியை மறுபடி அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவன் நெற்றியைத் தரையில் முட்டினான். ஒரு முறை. இன்னொரு முறை.

“சும்மா இருடா!”

மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர்கூட அதிர்ந்திருக்கும். அது என் குரல் இல்லை. என் அப்பாவுடையது.

அப்பா வீட்டுக்குள் நுழைந்தாலே நானும் அக்காவும் அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்வோம், முதுகில் சுவர் இடிக்கும்வரை. அவர் ஒரு நாளும் அடித்ததில்லை. கத்துவார், அவ்வளவுதான். கடைசிவரை நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது கிடையாது. இவன் பிறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் நின்று ஒன்றே ஒன்றுதான் முடிவு செய்தேன். என்னைப் பார்த்து என் பிள்ளை பின்னால் நகரக் கூடாது.

அவன் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. மூச்சு மேலே போய் அங்கேயே நின்றது. பிறகு உடைந்து அழுதான்.

சாவியை அவன் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

கையை நீட்டினேன். இன்னும் வேகமாகப் போனான். என்னால் முடிந்தவரை குரலை இறக்கிக் கூப்பிட்டேன். இன்னும் தூரமாகப் போனான்.

எட்டே மாதத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவுக்காவது சில வருடம் பிடித்திருக்கும்.

அவன் பின்னால் மேசையின் கால் இருந்தது. இன்னும் இரண்டு தள்ளு தள்ளினால் இடித்துக்கொள்வான். என் வலது கால் அதுபாட்டுக்குத் தரையை ஓங்கி மிதித்தது. அவன் நிற்கவில்லை.

எழுந்து சுற்றி ஓடி, மேசைக் காலுக்கும் அவனுக்கும் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

நான் எந்தப் பக்கம் போனேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்பு நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை இரண்டு மடங்காகியிருந்தது. அந்தக் காலி இடத்தை நோக்கி ஒரு கையைத் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்தான். பிறகு கையை ஊன்றிக்கொண்டான். முழு மூச்சோடு ஒரு தள்ளு.

டயப்பர் கட்டிய பின்பக்கம் என் மடியில் வந்து இடித்தது.

வாரி எடுத்துக்கொண்டேன். இந்த முறை வளையவில்லை. சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

கதவு திறந்தது. பையை இறக்கி வைக்காமலேயே என் மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எதுக்கு இப்படி அழுதிருக்கான்?”

அவன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னேன்.

“என்கிட்ட வர்றதுக்கு.”