மிஞ்சியவளுக்குச் சேரும் பட்டம்

அறுநூறு வருடப் பழமையான ஓர் ஆங்கிலப் பிரபுப் பட்டம், குன்னூர்த் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரு துரையின் ரத்தவழியில் எங்களிடம் வந்து நின்றது. வாரிசாகச் சகோதரிகள் மட்டும் இருந்தால் பட்டம் யாருக்கும் சேராது. ஒருத்தி மட்டும் மிஞ்சும்வரை காத்திருக்கும். அது அவர்கள் சட்டம். அதற்காக எனக்கும் தங்கை பிலோமினாவுக்கும் லண்டன் பதிவகம் கழற்ற முடியாத கைப்பட்டை மாட்டியிருந்தது. யார் உயிர் போனாலும் அந்த நொடியே அங்கே தெரிந்துவிடும்.

பிலோமினாவுக்குப் பின் உரிமை கேட்கப் பிள்ளைகளும் இல்லை. தலையில் கட்டி என்று கோவையில் அறுவைக்குச் சேர்த்திருந்தோம். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "பட்டத்துக்கு ஆசைப்பட்டு ஜெபத்துல கோட்டை விட்டுடாதக்கா" என்று சிரித்தாள்.

வெளியே நானும் அவள் கணவர் ஞானராஜும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"செவப்பு லைட் எரியுதுல்ல, இன்னும் ஆபரேஷன் நடக்குதுன்னு அர்த்தம். பயப்படாதீங்கக்கா" என்றார்.

அப்போது என் கைப்பட்டை அதிர்ந்தது. அதில் பொன்னிற எழுத்துகள் ஓடின: "சீமாட்டி அவர்களுக்கு எங்கள் வாழ்த்துகள். பட்டம் இக்கணம் தங்களை அடைந்தது."

முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடினேன்.

"யாருக்கா அது?"

"ஒண்ணுமில்ல தம்பி, ஏதோ விளம்பரம்."

அவர் மறுபடி கதவைப் பார்த்தார். சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன்.

"டாக்டர் வெளிய வர்றதுக்குள்ள சாப்பிட்டுடுங்க."