நாலு மூட்டை அரிசி

“கம்ப்யூட்டரே இல்லாம, நூல் கட்டியா வீல் அலைன்மென்ட் பாக்கற?”

ஆரணி பட்டுக்கடைக்காரர் ராஜ்குமாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி, மெக்கானிக் சுதாகர் தறிக்குப் பாவு போடுகிறவனைப் போல நூல் இழுத்துக்கொண்டிருந்தான்.

“வேலூர், சென்னை, பெங்களூர்னு மூணு ஊர்ல பாத்தாச்சு. எல்லாம் தண்டப் பசங்க. இன்னும் இடது பக்கமே இழுக்குது. ரைஸ்மில் லாரி பாக்கற உனக்கு இன்னா தெரியும்?”

“லேசான வண்டிங்க. ஓட்டறவங்க வெயிட்டை சீட்ல ஏத்திட்டுதான் பாக்கணும். எவ்ளோ வைக்கட்டுங்க?”

“நூறு கிலோ. அதைத்தான் மூணு ஊர்லயும் சொன்னேன்.”

சுதாகர் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் நாலை டிரைவர் சீட்டில் அடுக்கினான். ராஜ்குமார் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஸ்டியரிங் புடிக்கறதே ஒரு கலை. உனக்கெல்லாம் எங்க புரியப்போவுது!”

வேலை முடிந்து மூட்டைகளை இறக்கியபோது, கடைத்தெருவுக்குப் போயிருந்த அவர் மனைவி தீபா வந்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ராஜ்குமார் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்தார்.

“அண்ணன் ஓட்டலீங்களா?” என்றான் சுதாகர்.

“அவருக்கு சைக்கிளே வராதுப்பா. வாங்கின நாளா நான்தான் ஓட்டிகினு இருக்கேன்.”

“உங்க வெயிட்டு எவ்ளோங்க?”

“ஐம்பது.”

சுதாகர் இருவரையும் இறங்கச் சொன்னான். அவிழ்த்த நூலை மறுபடியும் கட்டினான். புதிதாக இரண்டு மூட்டை கொண்டுவந்து டிரைவர் சீட்டில் வைத்தான்.

பழைய நாலு மூட்டைகளையும் தூக்கி, ராஜ்குமாரின் சீட்டில் பொத்தென்று போட்டான்.