ஏழாம் நாள் மீன்

"டீச்சர்! அஞ்சும் உசுரோட இருக்குதுங்க!"

கயிற்றில் கட்டி ஓடைக்குள் விட்டிருந்த கம்பிக் கூடையை மேலே இழுத்தபடி தனப்பிரியா போட்ட சத்தத்தில், கரையில் நின்ற ஏழாம் வகுப்பு மொத்தமும் துள்ளிக் குதித்தது.

சித்ரா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மாவா? மூன்று மாதமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் இந்தப் புதுச்சத்திரத்து ஓடையில் பிள்ளைகள் பாடுபட்டிருந்தார்கள். நீளக் கொக்கி போட்டுப் பாலிதீன் பைகளை இழுத்தார்கள். கரை நெடுக வெட்டிவேர் நட்டார்கள். மேட்டிலிருக்கும், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லுக்குக் கும்பலாகப் போய், இனிமேல் கழிவுத் தண்ணீரை ஓடையில் விடமாட்டேன் என்று முதலாளியிடம் வாக்கும் வாங்கி வந்தார்கள்.

அதற்கப்புறமும், முதல் தடவை விட்ட மீன்கள் மறுநாளே செத்து மிதந்தன. தனப்பிரியா இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அழுதாள்.

"இன்னொரு தடவ ஏரியில இருந்து அஞ்சு கெண்டைக் குஞ்சு கொண்டாந்து உடுவோம். ஏழு நாள் பொழச்சுதுன்னா எல்லாரும் ஓடையில எறங்கலாம். ஒண்ணு செத்தாலும் ஒருத்தரும் காலை நனைக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தாள் சித்ரா.

இன்று ஏழாம் நாள்.

"பூபதி, நோட்டுல கடைசி ரெண்டு நாளப் படி."

"வியாழன், அஞ்சும் இருக்கு. வெள்ளி, அஞ்சும் இருக்கு. கொஞ்சம் வளந்திருக்கு."

"ஒரே ராத்திரியிலயா?" சித்ரா சிரித்தாள். "சந்தோசத்துல உன் கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும் போ."

கொஞ்சம் தள்ளி, மூடி போட்ட வாளியோடு தனப்பிரியாவின் அப்பா கதிர்வேல் நின்றிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு, ஒரு வாரமாகத் தினமும் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஓடைக்கு வந்துவிடுகிற மனுஷன். பிள்ளை படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று சித்ராவுக்கு அவர்மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

"சரி, செருப்பக் கழட்டுங்க எல்லாரும்!"

கதிர்வேல் ஓடி வந்தார். "வேண்டாங்க டீச்சர். புள்ளைங்கள எறக்காதீங்க."

"ஏனுங்க?"

"அது... பாம்பு கெடக்குதுங்க."

"மூணு மாசமா எங்க கண்ணுல படாத பாம்புங்களா? மீனே பொழச்சுக் கெடக்குது. அப்பறம் என்னங்க பயம்?"

அதற்குள் தனப்பிரியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கிக் காலை நீட்டிவிட்டாள். கதிர்வேல் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"உடுங்கப்பா! நாந்தான் மொதல்ல எறங்கோணும்!"

அவர் வாளியை அவள் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஐந்து மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

"தெனமும் இப்படித்தான் செத்துக் கெடந்துச்சு சாமி. நீ அழுவக் கூடாதுன்னு நாந்தான் விடியறதுக்குள்ள ஏரி மீனப் புடிச்சாந்து மாத்தி உட்டேன்."

மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி மில்லுல வால்வத் தொறந்து கழிவ உடறதும் நாந்தானுங்க."