வாள் பொத்தான்

முரசு, வாள், சனங்கள் போடும் 'வாழ்க' என்று ராஜா காலத்துச் சத்தங்களை அடைத்த கையடக்கப் பெட்டி ஒன்று கட்சி மேடைகளுக்கு வாடகைக்குப் போய்வந்தது. ஓயாத வேலை 'வாழ்க' பொத்தானுக்குத்தான். பக்கத்திலிருந்த வாளைச் சீண்ட ஆளில்லை.

ஒரு கூட்டத்தில் பெட்டிக்காரரின் விரல் தவறி வாள்மேல் விழுந்தது. 'சரக்' என்ற சத்தத்தில் தலைவர் மேஜைக்கடியில் பாய்ந்துவிட்டார். அன்றே பெட்டிக்காரர் அந்தப் பொத்தானின் சத்தத்தை மாற்றிவிட்டார். வாளுக்கு அது தெரியாது.

மறுவாரம் எதிர்க்கட்சி மேடை. அங்கேயும் 'வாழ்க' தொண்டை கிழியக் கத்தியது.

"அண்ணே, போன வாரம் அந்த ஆளையில்ல வாழ்கன்னு கத்தினே?" என்றது வாள்.

"நான் யார் பேரையாச்சும் சொன்னேனா, தம்பி?"

வாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்நேரம் பார்த்து விரல் மறுபடியும் தவறியது. இருக்கிற ரோஷத்தையெல்லாம் திரட்டி வாள் வாயைத் திறந்தது.

"வாழ்க!"