சிவப்புக் கொசு

"எண்ணிப் பாரு. நேத்து ஏழு கொசு இருந்துச்சு. இன்னிக்கு ஆறுதான் இருக்கு."

வெல்டர் தகர டப்பாவை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே அரிசி அளவில் தூண்டில் முட்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பு நூலை இறுக்கிச் சுற்றி, மேலே முடி போன்ற செம்புக் கம்பியை வளையம் வளையமாக ஓட்டி, அவர் கையால் கட்டிய போலிக் கொசுக்கள். ஊர் ஓடையில் இருக்கும் ட்ரவுட் மீன் நிஜமென்று நம்பிக் கவ்வும்.

"கொசுதானே, பறந்திருக்கும்," என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"சிரிக்காத. மூணு வாரமா வாரத்துக்கு ஒண்ணு காணோம். உன் தம்பி வந்தும் மூணு வாரம்தான்."

"வேலை தேடி வந்தவன்மேல பழி போடாதீங்க. பகல் பூரா பாப்பாவைப் பார்த்துக்கிறானே, அது உங்க கண்ணுல படலியா?"

அவள் பரிந்து பேசப் பேச அவருக்குச் சந்தேகம் முற்றியது. அந்த ஓடையில் மீன் பிடிக்கிற வேறு யாரும் கட்டாத சிவப்பு நூலில் ஒரே ஒரு கொசு கட்டி, கறுப்புகளுக்கு நடுவே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து திறந்தார். சிவப்பைக் காணோம். ஆனாலும் வாய் திறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே!

ஞாயிறன்று ஓடையில் ஒரு பெரிய மீன் சிக்கியது. கரையில் இழுத்துப் போட்டுப் பார்த்தால், அதன் உதட்டோரம் அவருடைய சிவப்புக் கொசு, அறுந்த தூண்டில் நரம்போடு தொங்கியது.

ஈரக் காலோடு வீட்டுக்குள் நுழைந்தவர், மீனை மைத்துனன் முன்னால் பொத்தென்று போட்டார்.

"இது என்னடா? எடு பெட்டியை. திருடனுக்கு என் வீட்டுல இடமில்ல."

"ஐயோ அத்தான், எனக்கு ஓடை எந்தப் பக்கம்னே தெரியாது! பகல் முழுக்க உங்க பாப்பாதான் என் இடுப்புல!"

"சாட்சி வாயிலயே தொங்குது, இன்னும் புளுகுறியா? கிளம்பு!"

தம்பி அழாக்குறையாக அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து மீனைச் செவுளோடு தூக்கி, கையில் எடை பார்த்தாள்.

"அவனை விடுங்க. செவ்வாய்க்கிழமை என் நரம்பை அறுத்துட்டு ஓடின கழுதை இதுதான். ரெண்டு கிலோ இருக்கும்னு நினைச்சேன், ஒன்றரைதான் தேறும் போல."